ஆறு இருபதுக்கு என் இரவு

ஊர் பல் விளக்கும் நேரத்தில்
எனக்கு இரவு வருகிறது.

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் கூண்டு.
அங்கிருந்து டீசல் வாசனையோடு இறங்கி
ராயக்கோட்டை ரோட்டு மாடியறைக்கு வந்து
ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே
பீனட் பட்டர் பாட்டிலைத் திறக்கிறேன்.
இரண்டு கரண்டி. தட்டி அல்ல, குவித்து.
ஒரு சில்லு தேங்காய்.
சம்பளம் வந்த வாரமென்றால் நான்கு பாதாம்;
மற்ற வாரங்களில்
பாதாம் இருந்த டப்பாவின் வாசனை.

ஜிம்மில் இதற்கு இரண்டு கட்சி.
படுக்கும் முன் கொழுப்பு தின்றால் தொப்பை விழும்
என்கிறது ஒன்று.
தின்னாமல் படுத்தால்
தூக்கத்தில் உடம்பு தன் தசையையே பிய்த்துத் தின்னும்
என்கிறது மற்றது.
நான் பயந்தவர்களின் கட்சி.

"கொழுப்பு அவசரப்படாது" என்றான் முனிரத்தினம்,
பெஞ்சில் மல்லாந்தபடி.
தொப்பூர்க் கணவாயில் முதல் கியரில் இறங்கும்
லோடு லாரி மாதிரி
உறுமிக்கொண்டே போகுமாம் வயிற்றுக்குள்,
விடியும்வரை.
மெய்யோ பொய்யோ.
எனக்கு வயிற்றைத் தெரியாது, லாரியைத் தெரியும்.
நம்பினேன்.

நேற்று ஒரு தக்காளி வண்டி.
ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகவில்லை, பின்னால் நாற்பது ஹாரன்.
இரட்டிப்புக் கட்டணம் என்றேன்.
ஓட்டுநர் என் புஜத்தைப் பார்த்தார்,
பிறகு முகத்தை.
"கொழுப்புடா உனக்கு."
ஆமாண்ணா, அளந்துதான் சாப்பிடுறேன்
என்று சொல்லவில்லை.
ரசீதைக் கிழித்து நீட்டினேன்.

அறையில் ஒரு பாய், இரண்டு பேர்.
நான் படுக்கும்போது தருமன் எழுவான்,
பர்கூர் கம்பெனி பஸ்ஸுக்கு.
தலையணையில் அவன் சூடு ஆறுவதற்குள்
நான் தலை வைத்திருப்பேன்.

போன மாதம் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.
மறுநாள் கோட்டுக்குக் கீழே
ஒரு விரல் அளவு காலி.
மூன்றாம் நாள் இரண்டு விரல்.
கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.
போட்டிக்கு இருபது நாள், அறுபத்தைந்து கிலோ பிரிவு,
என் தூக்கம், என் தசை
என்று என்னென்னவோ கணக்கு சொன்னேன்.
அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்:
"உன்னை உன் உடம்பு தூங்குறப்பத்தானடா திங்குது.
என்னை முழிச்சிருக்கறப்பவே திங்குது."
கீழே பஸ் ஹாரன்.
போய்விட்டான்.
பொத்தான்கள் ஒன்று மாறி விழுந்திருந்தன,
சட்டையின் ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது.

அன்று கண் மூடவில்லை.
கண்ணாடியில் முதுகை விரித்துப் பார்த்தேன்,
நல்ல முதுகு.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்து எண்ணெய்ச் செக்கில்
மூன்று கிலோ கல்லக்கா வாங்கினோம்.
வறுத்தோம், தேய்த்தோம், தோலை ஊதினோம்,
மாடிப்படி முழுக்கச் சிவப்புத் தோல்.
வீட்டுக்காரர் மிக்ஸியை இரவல் வாங்கி அரைத்தோம்.
முதலில் மாவு.
பிறகு ஜாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பிடிவாதமான கட்டி.
மோட்டார் கருகும் வாசம், "நிறுத்துடா" என்றான்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள்
கட்டி தானாக எண்ணெய் விட்டு, இளகி,
சுற்றத் தொடங்கியது.
தருமன் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டான்.
போட்டி நெருங்கினால் உப்பு ஆகாது.
நாக்கில் வைத்தேன்.
ஆகாதுதான். இன்னொரு விரல் எடுத்தேன்.

இப்போது பாட்டிலில் கோடு இல்லை.
அலமாரியில் கரண்டி இரண்டு;
ஒன்று எப்போதும் ஈரமாக இருக்கிறது,
அவன் கழுவி வைத்துப் போனது.

ஜன்னலில் போர்வையைக் கட்டுகிறேன்.
எதிரே மலைப்பாறையில் வெயில் ஏறுகிறது,
பால்காரன் மணி அடிக்கிறான்.
விலாவுக்குக் கீழே எங்கோ
லாரி
இறங்க ஆரம்பிக்கிறது.